உன் துப்பாக்கியில் ஒரு திருகாணி குறைகிறது

நீ போன பதினாறாம் நாள், உன் வீட்டிலேயே நான் திருடினேன். இரண்டாம் பந்தியில் சனங்கள் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த நேரம். துக்கம் கேட்க வந்த நான், இடுப்பு மடிப்பில் செருகிய திருப்புளியோடு உன் அறைக்குள் நுழைந்தேன்.

மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை என் மனைவி துவைத்த சட்டையை உதறினாள். பையிலிருந்து ஒரு திருகாணி துவைக்கிற கல்லில் விழுந்து டிங்கென்றது. "இன்னாதுங்க இது? உங்க மரை கழண்டு வுழுந்துடுச்சா?" என்றாள். என்னுடையது கழன்று வெகுநாள் ஆயிற்று. இது உன் சுவரில் தொங்குகிற கும்பினிக் காலத்துக் குதிரைப்படைக் கைத்துப்பாக்கியினுடையது.

உன் கச்சிராயபாளையம் டிராக்டர் உதிரிபாகக் கடையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. உன் தலைமுடியைப் பார்த்துக் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பார்த்து வயிறெரிந்த அளவுக்கு, பங்காளி மாடி கட்டினால்கூட யாரும் எரிந்திருக்கமாட்டார்கள்.

பழந்துப்பாக்கிப் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்குத்தான், நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்திலிருந்து நான் எதைச் செய்தாலும் நீ ஒரு வாரம் கழித்து அதை என்னைவிட நன்றாகச் செய்வாய். தியாகதுருகம் சந்தையில் ஒருவன், கோட்டைமலை அடிவாரத்தில் தோண்டியபோது கிடைத்ததென்று ஒரு கைத்துப்பாக்கியை நீட்டினான். துரு ஏறிய குழல். விசைக்கு மேலே பூட்டுத்தகட்டில் கிரீடத்தைப் பிடித்தபடி நிற்கும் கும்பினிச் சிங்கம். நான் பத்திரம் எழுதுகிறவன். போலி முத்திரையைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவன். சிங்கத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். சினிமாவில் வருவதுபோல் இடுப்பில் செருகிக்கொண்டு உன் கடைக்கு வந்தேன்.

நீ பார்க்கக்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்தாய்.

"புளி வாசன அடிக்குதுடா. இன்னா, இதுல ரசம் வெச்சியா?"

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கரும்பு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். புது இரும்பைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, எருக்குழியில் புதைத்துக் கிழடாக்குவார்கள் என்று அவர்களுக்கு நீ விளக்கினாய். பிறகு என் சிங்கத்தின் மேல் விரலை வைத்தாய். "ஒடம்பெல்லாம் தேஞ்சிகினு கெடக்குது, சிங்கம் மட்டும் நேத்து பொறந்தாப்ல பல்லக் காட்டுது பாரு. இரும்பு தேஞ்சா முத்திரையும் கூடவே தேயணுமா இல்லியா?" அந்தத் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டாய். வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. "கையால மரை வெட்டின காலத்துல ஒரு ஓட்டையோட ஆணி இன்னொரு ஓட்டைக்குப் போவாதுடா. இது பட்டறையில நேத்து பண்ணது." அந்த வாரம் முழுக்க லாரிக்காரர்களுக்கு நான் 'ரசம் துப்பாக்கி'.

அடுத்த மாதமே கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டில், தகரக்கூரை பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்த துப்பாக்கியை ஒரு பழைய மோட்டாரைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாய். குழல் அடைத்துப்போய்ச் சுடவே சுடாத அதை முறைப்படி காவல் நிலையத்தில் காட்டப் போனபோது, ரைட்டர் மின்விசிறியில் பறந்த காகிதங்களின் மேல் அதைத்தான் வைத்தாராம். அதைக்கூடப் பெருமையாகச் சொன்னாய். கல்லூரிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் என் முழங்கை.

ஊரார் துப்பாக்கியையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கழற்றிப் பார்க்கிறவன், உன்னுடையதை மட்டும் தொடவிடவில்லை. நான் கேட்கும்போதெல்லாம், "சாமிய யாராவது கழட்டிப் பாப்பாங்களாடா?" என்பாய். அங்கேதான் எனக்கு மூக்கு வேர்த்தது. இவனுடையதும் ரசம்தான், தெரிந்துகொண்டே மாட்டிவைத்திருக்கிறான். இருபது வருடம் இந்த ஒரு நினைப்போடு உன் வீட்டுக் காபியைக் குடித்தேன். உன் உயிர் போன சேதி வந்தபோது அழுதேன், சத்தியமாக. ஆனால் அழுகைக்கு நடுவில் திருப்புளியை எங்கே வைத்தேன் என்றும் யோசித்தேன்.

அன்று உன் அறையில், ஒரு திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, நீ மோந்ததைப் போலவே மோந்தேன்.

புளி.

சந்தேகமேயில்லை, நல்ல புளி வாசனை. குதிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாவது திருகாணியையும் கழற்றி இடம் மாற்றிப் பார்த்துவிடலாம் என்று திருப்புளியை வைத்தேன். அதற்குள் வாசலில் உன் மனைவி.

"இன்னாங்கண்ணா, இங்க வந்து தனியா நின்னுக்கினு இருக்கீங்க?"

துப்பாக்கியைச் சுவரில் மாட்டினேன். திருகாணி பைக்குள் போனது.

"நீங்கதாங்கண்ணா அவர நெனச்சிகினு இருக்கீங்க. மத்தவங்கல்லாம் பாயசத்துக்கு நிக்கிறாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு சிரித்தது. "'அவங்கிட்ட மட்டும் அதக் குடுத்துடாத, கழட்டிப்புடுவான். நானே பயந்துகினுதான் கழட்டாம வெச்சிருக்கேன்'னுவாருங்கண்ணா."

நீயே பயந்தாயா? உள்ளே என்ன இருக்குமோ என்று உனக்கும் தெரியாதா? இருபது வருடம் நானும் நீயும் ஒரே துப்பாக்கிக்குப் பயந்து எதிரெதிரே உட்கார்ந்திருந்தோமா? பதில் சொல்ல நீ இல்லை. நான் ஜெயித்துவிட்டேன், உன் சாமியிலும் ரசம்தான் என்று கத்த நினைத்தேன். யாரிடம் கத்துவது? சட்டைப்பையைத் தடவிக்கொண்டே சின்னசேலம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

திருகாணியைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. உன்னிடமிருந்து நான் வென்ற ஒரே பொருள் அதுதான். இன்று மறுபடி மோந்து பார்த்தேன். என் மனைவி போட்ட சோப்பு வாசனைதான் வந்தது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டேன். கடைசியில் ரசம் வந்தபோது உள்ளங்கையில் வாங்கி மூன்று முறை குடித்தேன். குழாயடியில் கூட்டமாக இருந்ததால், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நேராக உன் அறைக்குத்தான் வந்தேன்.