வளைவில் அசையாத கால்

கண்ணம்மா,

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், பதறாதே.

நேற்று சுற்றுலா பஸ்ஸில் காட்டுக்குள் இருக்கும் தேவாலயத்துக்கும், பிறகு கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய ஊருக்கும் போய்வந்தோம். தேவாலயம் நம் சமையலறை அளவுதான். கேட்டது கிடைக்குமாம். நானும் கேட்டேன், என்ன என்று கேட்காதே. அப்பா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய ஊரின் கல் தெருவில் ஏறும்போது, கடையைப் பார்ப்பதுபோல் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். இரண்டாவது கடை பூட்டியிருந்தது.

உனக்குத்தான் தெரியுமே, காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். அடுத்தவர் ஓட்டினால் வளைவுக்கு வளைவு அவர் கால் தரையில் பிரேக் போடும். நாம் எவ்வளவு கேலி செய்திருப்போம்! நேற்று காட்டுப்பாதை வளைவுகளில் அந்தக் கால் அசையவே இல்லை.

"என்னங்க, தூக்கமா?" என்றேன்.

"இல்ல. ஓட்டுறவர் பாத்துப்பார், விடு."

இவர் வாயில் இப்படி ஒரு வார்த்தையா! போன வாரம் டாக்டர் அவரிடம் தனியாக என்ன சொன்னார் என்று இன்னும் நான் கேட்கவில்லை.

உனக்கு லீவு கிடைக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வீடு வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் நான்தான் பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன்.

உன் அம்மா