விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

றிஸ்கான் நானா, இது உம்மாவின் கடிதம். உம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், ஸஹ்னா. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அழகுக்காக ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், வெட்கத்துக்காக ஒன்றைக் குறைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். உம்மா விட்டுவிட்டுப் போகிற இடம் வந்தால் அடைப்புக்குறிக்குள் நான் எழுதுவேன், அதற்கும் உம்மா சம்மதம். மற்றபடி இனி “நான்” என்று வருவது உம்மாதான்.

அன்பு மகன் றிஸ்கானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் முழங்கால் நோவு மழைக்குக் கூடி வெயிலுக்குக் குறைகிறது, அது தெரிந்ததுதானே. தோஹாவின் வெயிலில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். எனக்கே எழுதத் தெரியுமே, பிறகேன் தங்கச்சி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் கையால் எழுதினால் எனக்கு நோகாத மாதிரி எழுதிவிடுவேன் மகன். போனிலும் அப்படித்தான் செய்தேன். கிணற்றுத் தண்ணீரை அவங்களுக்குக் காட்டினீங்களா உம்மா என்று நீ கேட்டாய், காட்டினேன் என்று சொல்லிவிட்டு மீன்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்தேன். மீன்காரர் வரவில்லை. அதற்குப் பிறகு நீ, குழியைச் சோதிக்க வந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் கொம்பனிக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், பேஸ்புக்கில் பெயரோடு போடப் போகிறேன் என்று ஸஹ்னாவுக்கு அனுப்பியிருக்கிறாய். போடாதே. அவர்கள் ஒரு சதமும் வாங்கவில்லை. வாங்கினது என் கையால் வட்டிலப்பமும் ஒரு கிளாஸ் தண்ணீரும்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போகும்போது மேலே நாலு பேர் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்த மைக்காக் குழி இப்போது நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. மெஷின் போட்டுத் தோண்டி, கழுவி, மூட்டை மூட்டையாக வெளிநாட்டுக்குப் போகிறது, பெயின்டிலும் பெண்கள் முகத்துக்குப் பூசுகிற பவுடரிலும் மினுக்கம் வருவதற்காம். இயற்கையையும் ஆட்களையும் கெடுக்காமல் எடுத்த கல் என்று சான்றிதழ் இருந்தால்தான் அங்கே வாங்குவார்களாம். அந்தச் சான்றிதழ் ஆசையில் கொம்பனிக்காரர்கள் சில நல்லதும் செய்தார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. பெண்களுக்குக் காலில் போடச் சப்பாத்து கொடுத்தார்கள், கதவு வைத்த கக்கூஸ் கட்டினார்கள், சம்பளம் மாதக் கடைசியில் சரியாக வருகிறது. ஆனால் கல் கழுவின தண்ணீர் தேங்குகிற குளத்துக்கு ஒழுங்கான அணைக்கட்டு இல்லை, மழை பெய்தால் உடைத்துக்கொண்டு ஓடையில் விழுந்து நம் கிணற்றடிக்குத்தான் வருகிறது. துணியில் வடித்துக் காய்ச்சிக் குடிக்கிறோம், அப்படியும் பானை அடியில் வெள்ளி வெள்ளியாகப் படிகிறது. குழியை மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை, அணைக்கட்டைக் கட்டுங்கள் என்றுதான் கேட்டோம். சான்றிதழ் கொடுக்கிறவர்கள் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எழுதினால் அணைக்கட்டைக் கட்டின பிறகுதான் கொம்பனிக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்று நீதானே அங்கிருந்து தேடிப் பார்த்து, முறைப்பாடும் எழுதி அனுப்பினாய். எனக்குச் சொன்னது ஒரே ஒரு வேலை. உம்மா, அவங்க வந்தால் ஒன்றும் பேச வேண்டாம், கிணற்றிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் அள்ளிக் கையில் கொடுங்கள், போதும் என்றாய். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை மகன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே குழியில் கல் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள், மழையும் இல்லை, கிணறு மேலே பார்க்கத் தெளிந்துதான் இருந்தது. காலையில் நான் ஒரு வாளி அள்ளினேன், வாளி ஆடினவுடன் அடியில் கிடந்ததெல்லாம் எழும்பி மினுங்கியது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. நம் வீட்டு வாசலுக்கு வருகிற மனிதருக்கு, அதுவும் கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்து மாத்தயா ஒருவரும் வெள்ளைக்கார நோனா ஒருத்தியும் வருகிறார்கள், இதையா கொடுப்பது என்று நினைத்தேன். ஸஹ்னாவைக் கீழே லாபிர் வீட்டுக்கு அனுப்பினேன், அவர்களுக்குத்தான் டவுன் பைப் இருக்கிறதே. இரண்டு பெரிய போத்தல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

(ஸஹ்னா: நான் போகமாட்டேன் என்று சொன்னேன், நானா கிணற்றுத் தண்ணீர்தானே கொடுக்கச் சொன்னார் என்றும் சொன்னேன். புத்தகம் படித்த நாக்குக்கு வீட்டுக்கு வாரவங்கட அருமை தெரியாது, போடி என்று உம்மா ஏசினா. நான் போனேன். போகும் வழியில் போத்தலைக் கீழே போட்டு உடைக்கலாமா என்றும் யோசித்தேன், பிளாஸ்டிக் என்பதால் உடையாது.)

அவர்கள் ஏன் நம் வீட்டுக்கு வந்தார்கள் தெரியுமா, ரஜிதா சொல்லித்தான். இரத்தோட்டை பஸ்ஸில் வந்து குழியில் மைக்கா பொறுக்கித் தரம் பிரிக்கிற ரஜிதா, உனக்கு நினைவிருக்கும், நீ போகிற அன்றைக்கு இஞ்சி போட்டுப் பிளேன்டீ குடித்துவிட்டு வெளிநாட்டில் பொண்ணு பார்த்துடாதீங்க தம்பி என்று கேலி செய்தவள். வந்தவர்கள் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தனியாக வைத்து விசாரித்தபோது மற்றவர்கள் எல்லாம் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல, இவள் மட்டும் தண்ணீர் கெட்டுப்போச்சு, நான் சொல்றதை நம்பாட்டி அந்தா தெரியுதே அந்த வீட்டில் போய்ப் பாருங்க என்று கையைக் காட்டியிருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள், சூப்பவைசரும் கூடவே வந்தான். நான் நல்ல கிளாஸ்களை அலுமாரியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருந்தேன், வட்டிலப்பமும் வைத்தேன், அந்த நோனா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மாத்தயா தண்ணீரைக் குடித்துவிட்டு, கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது உங்க கிணற்றுத் தண்ணியா அம்மா என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை, உங்களுக்காக இரவல் வாங்கினது என்று அந்த நேரம் எப்படிச் சொல்வேன், வந்தவரை வைத்துக்கொண்டு நம் வறுமையைக் கடை பரப்புவது போல் இருந்தது. ஓம் மாத்தயா, பயமில்லாமல் குடிங்க, நல்ல தண்ணி என்றேன். கிணற்றில் அள்ளிப் பார்க்கலாமா என்று எழும்பினார், அதற்கும் நான் விடவில்லை, வெயில் ஏறுகிறது, இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் எடுங்க என்று உட்கார வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார், எட்டிப் பார்த்தால் என்ன தெரியும், தெளிவாகத்தான் தெரிந்தது.

(ஸஹ்னா: உம்மா ஒன்றை விட்டுவிட்டா. ரஜிதாக்கா வாசற்படிக்கு வெளியே நின்றா. உம்மா ஓம் என்று சொன்னவுடன் உம்மாவின் முகத்தைப் பார்த்தா, பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா. சூப்பவைசர் சிரித்தான். அவவுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.)

சரி, அதையும் எழுதிவிட்டாள். சான்றிதழ் வந்து குழியின் கேற்றடியில் பெரிய பலகை அடித்திருக்கிறார்கள், கருத்துச் சொல்கிறவர்களுக்கு எந்தத் தீங்கும் வராது என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறதாம். அந்தப் பலகை அடித்த கிழமையே ரஜிதாவை மைக்கா பிரிக்கிற கொட்டகையிலிருந்து எடுத்து வெயிலில் கல்லுடைக்கப் போட்டுவிட்டார்கள், கேட்டால் ஆள் மாற்றம் என்கிறார்கள். அவளைக் கண்டால், தண்ணி இன்ஸ்பெக்டர் வாரா, வழி விடுங்க என்று அங்கே கேலியாகக் கத்துகிறார்களாம். இதைச் சொன்னது உன் மச்சான் ரிஸ்வி, அவன் குழியின் லொறிதானே ஓட்டுகிறான். மாமி, நீங்க இனி வாயைத் திறந்தீங்கண்டா என்ட வேலையும் போகும் என்று அவன் கெஞ்சினான், வாப்பாவும் போனது போகட்டும் விட்டுடு ஸரீனா என்றுதான் சொன்னார். நான் விட்டிருப்பேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கினால் குடையை நம் வீட்டில் வைத்துவிட்டு ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போகிறாள். நான் கூப்பிட்டேன், கேட்காத மாதிரிப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கச்சியும் இரத்தோட்டைக்கு பஸ் ஏறிப் போனோம். தோட்டத்து லய வீட்டடியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் வெடித்திருந்தது. வாங்கக்கா என்று பாயைப் போட்டாள், தேத்தண்ணீர் ஊற்றினாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், விருந்தாளிக்குக் கலங்கின தண்ணீர் கொடுக்க மனசு வரவில்லை என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. அக்கா, எனக்கு நீங்க எத்தனை நாள் தேத்தண்ணி குடுத்திருக்கீங்க, அதெல்லாம் அந்தக் கெணத்துத் தண்ணியிலதானே போட்டீங்க, எனக்குக் குடுக்க வராத வெக்கம் அவுங்களைக் கண்டதும் எங்கேயிருந்து வந்துச்சு என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். நாங்கள் புறப்படும்போது அவள் கேட்டது ஒன்றுதான். நான் சொன்னது பொய்யில்லன்னு அவுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும் என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கடிதம். சான்றிதழுக்கு மறுப்புச் சொல்ல இந்த மாதக் கடைசி வரை இடம் இருக்கிறதாம், ஸஹ்னா சான்றிதழ்க்காரர்களின் இணையப் பக்கத்தில் வாசித்துச் சொன்னாள். நீ இதை இங்கிலீசில் மாற்றி, என் பெயரைப் போட்டே அனுப்பு. பாதியை மறைத்து அனுப்பாதே, உம்மாவைக் காப்பாற்றப் பார்க்காதே. வந்த இரண்டு பேர் மேலும் பழி போடாதே, அவர்கள் கேட்டார்கள், நான்தான் இல்லாததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிற லாபிரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன், கூடவே உனக்கு மிளகாய்த்தூளும் சீனிச் சம்பலும், ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும் இருக்கும். தண்ணீர் போய்ச் சேருமுன் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும், தெளிந்ததைப் பார்த்து நீயும் ஏமாந்துவிடாதே. படம் எடுக்க முன் குலுக்கிக்கொள், மறந்துவிடாதே மகன், குலுக்கிவிட்டுத்தான் காட்ட வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ரிஸ்வியோடு போனில் சண்டை போடாதே, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அல்லாஹ் உன் உழைப்பிலும் உடம்பிலும் பறக்கத் செய்து, உன்னை நல்லபடியாக என் கண்ணில் காட்ட வேண்டும்.

உன் மேல் உயிராயிருக்கும் உம்மா,
ஸரீனா ஹாஷிம்

(ஸஹ்னா: கையெழுத்து உம்மாவே போட்டா. பிறகு போத்தலை லைட்டுக்கு முன்னால் பிடித்துக் குலுக்கிப் பார்த்தோம். உள்ளே ஆயிரம் துணுக்குகள் சுழன்று மினுங்கின, தெரியாதவர்கள் பார்த்தால் அழகு என்று சொல்வார்கள். விட்டுடு என்று இத்தனை நாளும் சொன்ன வாப்பா கதிரையிலிருந்து எழும்பி வந்து, போத்தலை வாங்கி, மூடியை இன்னும் ஒரு தரம் இறுக்கி, தன்னுடைய துவாயில் சுற்றிப் பார்சலின் நடுவில் வைத்தார். உம்மா அழுதா. வாப்பா லைட்டை அணைத்துவிட்டார்.)