தடித்த ஆக்ஸில்

மார்ச் 4, செவ்வாய்

ரெவி அண்ணனின் காரில் பின் ஆக்ஸில், சக்கரத்தைச் சுழற்றும் கம்பி, மறுபடியும் உடைந்துவிட்டது. ஆலைக்குப் போகும் சாலையில் யாரோடோ போட்டி. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டூரோவா மாமா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அண்ணனையும் என்னையும் வளர்த்தது அவரும் பாரே அத்தையும்தான். பள்ளியை விட்டதிலிருந்து நான் மாமாவின் பட்டறையில் இருக்கிறேன். இங்கே யாரும் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதில்லை.

உடைந்த ஆக்ஸிலைச் சுவரில் மாட்டுவது இந்த ஊர்ப் பையன்களின் வழக்கம், வேட்டையாடிய மானின் கொம்பை மாட்டுவதுபோல. வெள்ளைப் பெயின்டில் அதன்மேல் தேதி எழுதுவது என் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அத்தை ரொட்டி பொரித்தாள். சாப்பிடும்போது, ஏன் எப்போதும் பின் ஆக்ஸிலே உடைகிறது என்று மாமாவிடம் கேட்டேன். வாய் திறந்து நான் கேட்டதே அவருக்குச் சந்தோஷம்.

"ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டின்னா, ரொம்ப மிதிச்சா டயர் வழுக்கிடும் கண்ணு. வழுக்கிட்டா ஆக்ஸில் பொழச்சுது. இவன் வண்டியில நாலும் இழுக்குது. கெளம்பும்போது பாரமெல்லாம் பின்னால போய் உக்காந்துக்குது. டயர் தரையை விடாது, எஞ்சின் டயரை விடாது. நடுவுல மாட்டிக்கிட்டது ஒரு கம்பி."

அந்தக் கம்பியும் வண்டி புதிதாக வந்தபோது இருந்த எஞ்சினுக்காகச் செய்தது. அண்ணன் எஞ்சினுக்கு வலு கூட்டும் டர்போவை மாற்றி, பந்தய டயர் போட்டு, கிளட்சைச் சட்டென்று வேறு விடுகிறான். சக்கரம் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் ஒரு சம்மட்டி அடி என்றார் மாமா.

"கம்பி மேலதான் தப்புன்னு சொல்லுங்க மாமா, என்மேல போடாதீங்க," என்றான் அண்ணன்.

ஆக்ஸில் உடைந்தால் 'டங்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி நின்றுவிடும். இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்திரேலியாவிலிருந்து தடித்த ஆக்ஸில்கள் வந்துவிட்டன. அண்ணன் பெட்டிக்கு முத்தம் கொடுத்தான். மாலைக்குள் மாட்டிவிட்டோம்.

என் மனதில் ஒன்று உறுத்துகிறது. கம்பி தடிமன்தான், ஆனால் சக்கரத்துக்குள் நுழைகிற முனை பழைய அளவே. அது நுழைய வேண்டிய ஓட்டை வண்டியோடு வந்ததாயிற்றே, பெரிதாக்க முடியாது. அந்த முனையும் அதன் நட்டும்தான் சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கின்றன.

கேட்டேவிட்டேன். "இது உடையலைன்னா, அடுத்து எது உடையும்?"

"வருஷத்துக்கு ஒருவாட்டி வாயத் தொறக்கறா, அதுலயும் சாபம் விடறா," என்றான் அண்ணன்.

"ஒண்ணும் உடையாது கண்ணு. அதுக்குத்தான இத வாங்கினோம்," என்றார் மாமா. சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

ஏப்ரல் 5, சனி

மருத்துவமனை.

பழைய விமானத் திடலில் பந்தயம். மதிய வெயில். முதல் சில ஓட்டங்களில் வண்டி அம்புபோலப் போனது. மாமா எப்போதும்போலக் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில், பின் சக்கரத்தைப் பார்த்தபடி ஒரு காலை மடக்கி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். டயர் எப்படிக் கடிக்கிறது என்று அங்கேயிருந்து பார்த்தால்தான் தெரியுமாம். தள்ளிப் போகச் சொன்னார்கள். தலையாட்டினார், போகவில்லை.

அண்ணன் கிளட்சை விட்டான். சக்கரம் குதித்தது. ரெண்டு தடவை. அப்புறம் சத்தமே இல்ல — இல்ல, இருந்திருக்கும், எனக்குக் கேக்கல. சக்கரம் தனியா வந்துது. வண்டி ஒரு பக்கம் போகுது, சக்கரம் இன்னொரு பக்கம் வருது. மாமா எந்திரிக்கப் பாத்தாரு. எந்திரிச்சிருக்கக் கூடாது. உக்காந்திருந்தா தலைக்கு மேல போயிருக்குமோ? யாருக்குத் தெரியும்.

அண்ணன் ஓடி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. இங்கே வந்தும் வெகுநேரம் கழற்றவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாமா போய்விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாமாவை எங்கள் குலத்தின் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். சவப்பெட்டி திறந்திருக்கிறது. எங்கள் வழக்கப்படி, வருகிறவர்கள் எல்லோரும் அவரிடமே பேசுகிறார்கள். பேசலாம், பாடலாம், கேலி செய்யலாம், திட்டலாம்.

அத்தை திட்டினாள். "எத்தன தடவ சொன்னேன், வண்டிக்குப் பக்கத்துல குந்தாதேன்னு. நீ என்ன கோழியா? அடைகாக்கப் போனியா?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள், பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. வளர்த்தவரையே கொன்றுவிட்டான் என்று மூலையில் ஒருவர் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் முகத்தைப் பார்த்தேன். இவனும் நமக்கு மிஞ்ச மாட்டான் என்று தோன்றியது.

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். நான் மாமாவை மட்டும் பார்த்தேன்.

"மாமா, போலீஸ்காரங்க சக்கரத்தக் காட்டினாங்க. தடிச்ச கம்பி உடையல. அது புதுசு மாதிரி இருக்கு. சக்கரத்துக்குள்ள போற முனைதான் அறுந்திருக்கு. முன்னாடியெல்லாம் கம்பி உடைஞ்சு நம்மள நிறுத்திக்கிட்டு இருந்துச்சு. நாம அத உடைய விடல. அண்ணன் மட்டும் இல்ல. நீங்களும்தான். நட்டை முறுக்குனது நான்."

அத்தை எழுந்து வாசலுக்குப் போய் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "பேசுடா. நாளைக்கு மண்ணு மூடிரும். திட்டணும்னாலும் இப்பவே திட்டு."

அண்ணன் மாமாவின் காலடியில் படுத்துக்கொண்டான். அத்தை தன் கம்பளியை அவன்மேல் போட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

பட்டறையைத் திறந்தேன். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், அதே மாதிரி வண்டியோடு வந்து, அதே தடித்த ஆக்ஸில் வேண்டும் என்றான். முடியாது என்றேன், ஏன் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "பாவம், உங்க மாமா," என்றான். பிறகு வேறு பட்டறைக்கு வழி கேட்டான்.

ஜூன் 16, திங்கள்

அண்ணனுக்கு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அத்தையின் வண்டியில் நான் கொண்டுபோய் விட்டேன். எனக்குப் பழகுநர் உரிமம்தான். முழு உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவனுக்கு அது இருக்கிறது, ஆனால் சாவியைக்கூட அவன் தொடுவதில்லை.

இங்கே ஜூன் என்றால் குளிர்காலம், சாலையில் பனி. பின்னால் மரம் ஏற்றிய லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. நான் ஐம்பதைத் தாண்டவில்லை. அண்ணன் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றான்.

ஓரமாக ஒதுங்கி லாரியைப் போகவிட்டேன்.