மாஸ்க்குக்குப் பின்னால் ஒரு வாயாடி

ஏப்ரல் 6

என் வாயாடிக்கு,

போனில் பேசினால் உனக்கு இருமல் முட்டுகிறது, எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து உன்னுடையதைவிட அழகு. இல்லை என்று சொல்லு பார்ப்போம்.

உனக்குக் காசநோய் என்று மாப்பிள்ளை சொன்னதும் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. ஏழு மாத வயிற்றோடு உனக்கா இது? மாத்திரையில் தீருகிற நோய்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பெரியவள் என்னிடம் சமத்தாக இருக்கிறாள். அவளுக்கும் பரிசோதனை செய்தோம், ஒன்றுமில்லை. "பாட்டி, அம்மா வயித்துல இருக்கிற பாப்பாவும் இருமுமா?" என்கிறாள்.

மாத்திரையை விடாதே.

உன் அம்மா

ஏப்ரல் 21

அம்மாவுக்கு,

திட்டாமல் படி. மாத்திரையை நிறுத்திவிட்டேன். அவருக்குத் தெரியாது.

சிறுநீர் சிவப்பாகப் போனது. பயந்து அழுதேன். கண்ணீரும் ஆரஞ்சு நிறம்! தலையணை உறையெல்லாம் கறை. எனக்கே இப்படி என்றால் உள்ளே இருக்கிற உயிர் என்ன ஆகும்? நான் இருமிக்கொண்டே கிடந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

லீவு போடும்வரை ஆபீஸில் நாள் முழுக்க ஊரார் புகாரைப் போனில் கேட்டவள் நான். என் புகாரைச் சொல்ல நீதான் இருக்கிறாய்.

உன் வாயாடி

ஏப்ரல் 24

அடி மண்டு,

லாண்டரியில் எத்தனை கறையை வெளுத்தவள் நான்! ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஓடினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது மாத்திரையோட சாயம்மா. முதல் நாளே சொல்லியிருப்பாங்களே?"

சொல்லியிருப்பார்கள். நீ அழுதுகொண்டிருந்திருப்பாய்.

"இந்த மாத்திரையால பாப்பாவுக்குப் பயமில்ல. நோயை வளர விட்டாத்தான் பயம். தாய் இளைச்சா பிள்ளையும் இளைக்கும், மாசம் நிறையறதுக்குள்ள பிறந்துடும்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இன்றே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி மறுபடி ஆரம்பி. மாப்பிள்ளையிடமும் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்வேன், அது உனக்கு நல்லாயிருக்காது.

அம்மா

ஜூன் 5

அம்மாவுக்கு,

உனக்குப் பேரன் பிறந்துவிட்டான். கொஞ்சம் அவசரப்பட்டு வந்ததில் எடை குறைவு. குரலில் ஒரு குறையும் இல்லை.

நீ எழுதியதும் அவரிடம் உண்மையைச் சொல்லி மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் நடுவில் மாத்திரையை விட்டதால் என் சளியில் கிருமி இன்னும் இருக்கிறதாம். மாமியார் குழந்தையைத் தன் அறைக்கே தூக்கிப் போகக் கையை நீட்டினார். எனக்கு உயிரே போனது. "பிரிக்க வேண்டாம்மா. மாஸ்க் போட்டுக்கிட்டு அவங்களே பால் குடுக்கட்டும்," என்று டாக்டரம்மா தடுத்தார். அவனுக்கு நோய் தொற்றவில்லை. முன்ஜாக்கிரதையாக ஒரு மருந்து தருகிறார்கள்.

முத்தம் கொடுக்க முடியவில்லை அம்மா.

உன் வாயாடி

ஜூன் 9

வாயாடி,

முத்தம் எங்கே போகிறது, சேர்த்து வை. பேச்சுக்கு மாஸ்க் குறுக்கே நிற்காது. பேசு, அவன் காது புளிக்கிற வரைக்கும்.

அம்மா

ஜூலை 22

அம்மாவுக்கு,

கிருமி இல்லை! மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை மட்டும் இன்னும் சில மாதம்.

ஆசை ஆசையாகக் கழற்றிவிட்டு அவனைத் தூக்கினேன். வீறிட்டான் அம்மா! பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் என் கண்ணும் ஒரு துணியும்தானே. "யாருடா இந்தப் பொம்பளைன்னு பாக்கிறான்," என்று மாமியார் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது. "டேய், நான்தான்டா, தினமும் உன்கிட்ட வம்பளக்கிறவ," என்றேன். சட்டென்று நிறுத்தினான். என் வாயையே பார்த்தான், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி. சேர்த்து வைத்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன்.

உன் வாயாடி

ஜூலை 26

என் வாயாடிக்கு,

குரலை வைத்தே ஆளைப் பிடிக்கிறான் என் பேரன் என்று லாண்டரி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இரண்டு முறை கேட்டவர்களும் உண்டு; பாவம், தப்பிக்க முடியவில்லை.

பெரியவள் பெட்டியைக் கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்போம்.

இதற்குப் பதில் எழுதாதே. போன் பண்ணு. நீ மூச்சு விடாமல் பேசி எத்தனை நாளாயிற்று! நான் நடுவில் வாயே திறக்க மாட்டேன்.

உன் அம்மா