குத்துச்சண்டை அழித்த கடைசிக் காட்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டும் படியேறுகிற தலையெழுத்து என்று தினம் ஒருமுறை என் காதில் விழும்படி சொல்லிக்கொள்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. விடுமுறைக்கு ஆஸ்பத்திரியில் லீவு தராவிட்டால் வேலையையே விட்டுவிட்டு வந்துவிடுவேன், மூன்று வருஷமாக வராதது உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கதி நடந்தது.

வருஷா வருஷம் விடுமுறைக்கு நம் வீட்டில் கேசட் போட்டுப் பார்ப்போமே, அந்த பஸ் டிரைவர் படம், அதை நாடகமாக்கியிருக்கிறார்கள். அந்த அரங்கத்து லிஃப்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால் மேனேஜர் பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். மேடையில் பலகையில் செய்த பஸ், நகராது. பின்னால் மரங்கள் வரைந்த துணியை இரண்டு பேர் சுற்றுகிறார்கள், பஸ் ஓடுவதுபோல் இருக்கிறது. உருளை கிறீச்சென்றதும் பேரிங் காய்ந்துவிட்டது என்றேன். இங்கயும் எண்ணெய் டப்பாவைத் தூக்கிடாதீங்க என்று உன் அம்மா தொடையில் கிள்ளினாள். பனி என்று மேலேயிருந்து காகிதத் துணுக்குகளை உதறினார்கள். அதில் ஒன்று முன்வரிசைக்காரர் வழுக்கையில் உட்கார்ந்து கடைசிவரை இறங்கவில்லை. நடிகர்கள் பரவாயில்லை.

இனிமேல்தான் விஷயம். நம் கேசட்டில் கடைசிக் காட்சிமேல் நான் தெரியாமல் குத்துச்சண்டையைப் பதிவு செய்து தொலைத்தேன், ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது ஆறு வயசு. தூர தேசத்திலிருக்கும் டிரைவர் மகள் வந்தாளா இல்லையா என்று நீ அழுத அழுகையில், வந்துட்டாம்மா, கதவைத் தட்டுறா பாரு என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் குத்துச்சண்டை வருவதற்குள் நீ டிவியை அணைத்துவிட்டு, மிச்சத்தை நீங்க சொல்லுங்கப்பா என்பாய். நானும் ஈரமான ஷூ, கயிறு அறுந்த பெட்டி என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஆனால் படத்தில் அவள் வருவதே இல்லை. நீ பிறப்பதற்கு முன்பே நானும் அம்மாவும் அதைத் தியேட்டரில் பார்த்தவர்கள்தான். ஊரில் எல்லோரையும் வீடு சேர்த்துவிட்டு டிரைவர் வீட்டுக்கு வருவார், வரமுடியவில்லை என்று மகள் கடிதம் கிடக்கும். சீருடையை மடித்து வைத்துவிட்டு, மகளை நாமே போய்ப் பார்ப்போம் என்று மனைவியோடு அதே பஸ்ஸில் ஏறுவார். வேறொருவர் ஓட்ட, பயணி சீட்டில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு போவார். அவ்வளவுதான் படம்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகள்தான் வரவேண்டும் என்று வருஷா வருஷம் உனக்குச் சொல்லி வளர்த்தவன் நான். உன் உறுத்தல் என் கைவேலை. நீ இரண்டு தடவை எங்களை அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டும், விடுமுறையில்தான் லிஃப்ட் மாட்டிக்கொள்ளும், அம்மாவுக்கு முழங்கால் என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கு விமானம் என்றால் பயம். முப்பது மாடி லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கி வேலை செய்கிறவனுக்கு என்ன பயம் என்று கேட்பாய். அங்கே ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியது நான். விமானத்தில் எவன் முறுக்கினானோ. நாடகம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே உன் அம்மா, நாமதாங்க போகணும் என்றாள். மறுநாளே பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று. போட்டோவில் நான் பிடிபட்ட திருடன்போல் இருக்கிறேன். விடுமுறை டியூட்டியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டேன். காகிதங்கள் கைக்கு வந்ததும் தேதி எழுதுகிறேன்.

நோய்நொடி இல்லாமல், பிடித்த வேலையை விடாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசியும். ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. அம்மாவுக்குப் படி ஆகாது, உன் கட்டடத்து லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்து எழுது. ஓடாவிட்டாலும் கவலையில்லை, என் ஸ்பானரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கதவை நான்தான் தட்டுவேன், நீ திற.

இப்படிக்கு,
அத்தனை வருஷம் முடிவை மாற்றிச் சொன்ன
உன் அப்பா