மாரியின் பெயருக்கு நேரே

வெள்ளிக்கிழமை இரவு, ஐப்பசி

இது யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள்.

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் செய்வதெல்லாம் சர்வரில்தான் சேரும். அதில் ஆளுக்கொரு வால்யூம், அதாவது தனி இடம். இடம் போதாததால், பள்ளியில் இல்லாதவர்களுடையதை அழிக்க சார் இன்று எல்லா வால்யூமையும் திரையில் வரவழைத்தார். பெயர், அளவு, கடைசியாக எழுதிய நாள். மாரியின் பெயருக்கு நேரே நேற்றைய தேதி இருந்தது.

மாரி ஆடி மாதமே காய்ச்சலில் செத்துப்போனாள்.

"ஏலே, செத்தவ வந்து டைப் அடிக்கா!" என்று பையன்கள் கத்தினார்கள்.

"யாரு தொறந்தது?" என்றார் சார். நான் குனிந்து நோட்டைப் புரட்டினேன். மாரியின் பாஸ்வேர்டு அவளுடைய ஆட்டுக்குட்டியின் பெயர். எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றன்றைய பாடத்தை அவளுக்கு எழுதி வைத்தேன். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. மாரியின் அம்மா பருத்திக் காட்டிலிருந்து கரிசல் அப்பிய காலோடு பள்ளிக்கு ஓடினார்களாம். கேட் பூட்டியிருந்ததாம். நான்தான் எழுதினேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் மாரி மறுபடியும்

கதவைத் தட்டுகிறார்கள். மாரி அம்மாவின் குரல்.

"ஏட்டி சுதா, எம்பிள்ள எழுதுதாளாம்லா? என்னயப் பத்தி எதும் கேட்டிருக்காளாட்டி?"