எமன் சிரிக்க மறந்த வருஷம்

மச்சான்,

இன்றைக்கு ஹட்டனில் ஒரு டாக்டர் என் கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தார். தேயிலைக் கொழுந்து லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்து மலைகளையே இப்படியும் அப்படியும் திருப்பி வைத்த கை இது. அதைப் போய்ச் சைக்கிள் டியூப் மாதிரி அமுக்கினார். பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பிரஷர் இருக்கு" என்று ஒரு சின்னப் போத்தலை என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள். ஆட்டினால் கிலுகிலு என்றது.

சிறுத்தைக்கும் பெரிய துரைக்கும் நடுங்காத உன் மச்சான் நான், அந்தச் சத்தத்துக்கு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அதே கிலுகிலு. தோட்டத்து லயத்தில் உன் காம்பரா வீட்டில், சாமித் தட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில் இருந்த போத்தலின் சத்தம்.

உன் சிரிப்பைப் பற்றி நான் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. லிந்துலையில் நீ சிரித்தால் கந்தப்பளையில் மாடு பால் சொரியும். காலைக் கடித்துக்கொண்டிருக்கும் அட்டை, பிடியை விட்டுக் கீழே விழுந்து மன்னிப்புக் கேட்கும். நானுஓயாவில் நின்ற ரயில் அதை விசில் என்று நினைத்துப் புறப்பட்டே போய்விட்டது. கடைசியில் சொன்னது நான் கட்டிய கதை. ஆனால் முதல் இரண்டையும் மறுக்க யாருக்கும் தைரியமில்லை.

என் தங்கை பாக்கியத்தை உனக்குக் கொடுத்ததற்கே அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை லாரிப் படியில் உட்கார்ந்து நாம் நடத்திய புளுகுப் போரையும் நீ மறந்திருக்க மாட்டாய். அதற்குச் சட்டம் ஒன்றுதான். ஒருவன் புளுகினால் அடுத்தவன் அதைவிடப் பெரிதாகப் புளுக வேண்டும். "அப்படியா" என்று வாயைத் திறந்தவன் தோற்றான். எத்தனையோ வருஷம் ஆடினோம். ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பிறகு உனக்குத் தலை வலிக்கத் தொடங்கியது. கவ்வாத்து மலையில் தேயிலையை வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நரம்பு வெடிக்கிற அளவுக்குப் பிரஷர் என்றார். புதிதாக வந்த மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். பாக்கியத்துக்கு அது வேதவாக்கு. விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, உனக்குத் திருநீறு பூசி, தேத்தண்ணியோடு மாத்திரையைக் கொடுப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. தலைவலி போயிற்று. பிரஷர் பூனைக்குட்டி மாதிரி படுத்துவிட்டது. டாக்டர் உன் முதுகில் தட்டினார். நான் அவருக்குச் சிலை வைக்கலாமா என்று யோசித்தேன்.

முதலில் உன் மூக்கு அடைத்துக்கொண்டது. இந்தக் குளிரில் மூக்கு அடைக்காதவன் யார்? அடுத்து, கெட்ட கனவு என்றாய். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தோட்டத்துப் பெரிய துரையின் நாய் என்னிடம் தமிழில் லீவு கேட்டது என்று நான் ஆரம்பித்தேன். நீ அக்கரப்பத்தனைப் பக்கம் பார்த்தபடி சொன்னாய்:

"அப்படியா மச்சான்."

நான் ஜெயித்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்தது கிடையாது.

அந்த மழைக்காலம் முழுக்க நீ வேலை விட்டு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். சோறு ஆறிப்போகும். காலையில் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காது கேட்கும். லயத்துக்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "கஞ்சா அடிக்கிறான் போல" என்றான் ஒருவன். "கசிப்புச் சாராயம் தலைக்கு ஏறிருச்சு" என்றாள் இன்னொருத்தி. நீ குளிக்கப் போனபோது அவிழ்த்து வைத்த வேட்டியின் மடியை உதறிப் பார்த்த புண்ணியவான்களும் இருந்தார்கள். வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. குற்றவாளியோ சாமித் தட்டில் பூவோடு உட்கார்ந்திருந்தது.

ஒரு சாயங்காலம் நான் வாசலில் நிற்கும்போதுதான் அது நடந்தது. நீ உன் கவ்வாத்துக் கத்தியைத் துணியில் சுற்றிப் பாக்கியத்தின் கையில் கொடுத்தாய்.

"இத ஒளிச்சு வச்சிரு. நான் கேட்டாலும் குடுக்காத."

"ஏங்க, நாளைக்கு மலைக்குப் போவணும்ல?"

"பாத்தா பயமா இருக்கு பாக்கியம். கத்திய இல்ல. என்னைய."

மச்சான், நான் புளுகன். உலகத்தில் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லத் தெரிந்தவன். அந்தச் சொல்லை மட்டும் இன்றுவரை என்னால் ஒரு மடங்குகூட பெரிதாக்க முடியவில்லை. கத்தியை வாங்கி என் லாரி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். துணைக்கு உன் காம்பராவிலேயே படுத்தேன். நீ எழுந்து வந்து என்னைத் திட்ட வேண்டும் என்பதற்காகவே குறட்டை விட்டேன். நீ அதற்கும் திட்டவில்லை.

பேய் என்று முடிவாயிற்று. பூசாரி வந்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார், சேவலைச் சுற்றினார், உடுக்கை அடித்த வேகத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பேய்கள்கூட மூட்டை கட்டியிருக்கும். உன்னிடமிருந்து மட்டும் ஒன்றும் போகவில்லை. கடைசியில் பாக்கியம் அந்தப் போத்தலையும் தட்டில் வைத்து நீட்டினாள். "இதுக்கும் ஒரு மந்திரம் சொல்லுங்க சாமி, நல்லா வேல செய்யட்டும்." அவர் போத்தலுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எந்தப் பாம்புக்கு அர்ச்சனை நடந்தது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

மாசி வந்தது. சிவன் எரித்த மன்மதனுக்காகத் தோட்டமே கூடி ஆடும் காமன் கூத்து. வருஷா வருஷம் நீதான் எமன். எமனுடைய சிரிப்புக்காகவே ஹட்டனிலிருந்து ஆள் வரும். கூத்து வாத்தியார் உன்னைப் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார்.

"சிரிக்காட்டிப் போறான். வேசத்தக் கட்டி நிப்பாட்டுவோம். எமன் இல்லாம கூத்தா?"

காமன் கம்பம் ஊன்றிய அன்று உனக்கும் காப்புக் கட்டினார்கள். வாத்தியாரின் சட்டம் உனக்குத் தெரியும்: காப்புக் கட்டினவனுக்குக் கறி இல்லை, சாராயம் இல்லை, பாய் இல்லை, மருந்தும் இல்லை. சாமியே வைத்தியர். பாக்கியம் அரை மனதோடு போத்தலைத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள்.

முதல் ஒத்திகைகளில் நீ கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பமாக நின்றாய். போகப் போகச் சோறு கேட்டாய். ஒரு ஞாயிறு பகலில், பெரட்டுக் களத்தில், மன்மதன் வேஷக்காரனின் கரும்பு வில்லை ஒரு ஆடு தின்றுவிட்டது. அவன் வெறுங்கையை நீட்டி அம்பு விட்டான். உன் தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. இருமல் என்று நினைத்தோம். பிறகு தோள் குலுங்கியது. மச்சான், நான் அழுதேன். ஓணான் கண்ணில் எச்சில் துப்பிவிட்டது என்று வாத்தியாரிடம் சொன்னேன். கூத்தன்று எமனாக வந்து நீ சிரித்த சிரிப்பில் ரதியின் கொண்டை கழன்று விழுந்தது. இது புளுகல்ல.

காமன் காப்பாற்றிவிட்டான் என்று தேங்காய் உடைத்தோம். காப்பை அவிழ்த்தாய். அன்று சாயங்காலமே பாக்கியம் விளக்கேற்றி, திருநீறு பூசி, பெட்டியைத் திறந்தாள்.

தென்மேற்கு மழை தொடங்கும்போது நீ மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். காமனுக்குக் கோபம் என்றது லயம். பாக்கியம் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் சாய்ந்தாள்.

"அண்ணே, காப்புக் கட்டுனா மனுசன் நல்லா இருக்காரு. பேசாம வருசம் பூராவும் கட்டி விட்ரலாமா?"

"கட்டலாம். அப்புறம் கறி இல்ல, சாராயம் இல்ல, பாய் இல்ல. சாமியாராத்தான் போவணும் உம் புருசன்."

"கறியும் சாராயமும் இப்ப மட்டும் எங்க தொடுறாரு? மாத்திர ஒண்ணத்தான் முழுங்குறாரு."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். நான் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சாமித் தட்டைப் பார்த்தோம். போத்தலின் நெற்றியில் பூசாரி வைத்த பொட்டு அப்படியே இருந்தது. பாக்கியம் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். தினமும் அதை எடுத்துக் கொடுத்த கைகள். அவள் முகம் போன போக்கை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாளே டவுனுக்குப் போனோம். காப்புக்காக மாத்திரையை நிறுத்தியதைக் கேட்டு டாக்டர் முதலில் திட்டினார். "என்கிட்ட சொல்லாம யார் மருந்தை நிறுத்தச் சொன்னது? பிரஷர் ஏறியிருந்தா ஆள் போயிருப்பார்." பாக்கியம் கத்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அது சர்ப்பகந்தி என்ற வேரிலிருந்து எடுத்த மருந்தாம். பைத்தியம் முற்றி வெறி கொண்டவனை அடக்க அந்தக் காலத்து வைத்தியர்கள் கொடுத்த வேர். பிரஷரையும் இறக்கும். சில பேருக்கு அதோடு மனசையும் இறக்கிவிடும் என்றார். வெறி பிடித்தவனுக்குக் கொடுத்தால் வெறியை அடக்கும். உனக்கு வெறி ஏது? உன்னிடம் இருந்த சிரிப்பைப் பிடித்து அடக்கிவிட்டது. ஒரு கடுகு அளவு மாத்திரைக்குள் ஒரு மனுஷன் தன் கத்தியைக் கண்டு பயப்படும் அளவுக்கு இருட்டு இருக்குமா?

"வர்றப்பல்லாம் பிரஷர் எப்படி இருக்குன்னு பார்த்தேன்" என்றார் டாக்டர். "நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் கேட்டிருக்கணும்."

அதை நிறுத்தி வேறு மருந்து தருகிறேன், உப்பைக் குறையுங்கள், ஆனால் அதற்கு அடங்கியதுபோல இதற்குப் பிரஷர் அடங்காது, ஆபத்து இருக்கிறது என்றார். அப்போதுதான் நீ வாய் திறந்தாய்.

"ஐயா, நரம்பு வெடிச்சாச் சாவு ஒரு நாளுங்க. இது தெனமும்ங்க."

சிரிப்பு வர நாளாயிற்று. வந்தது. கத்தியை நீயே என் லாரியில் தேடி எடுத்துக்கொண்டு, "துருப் புடிக்க விட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு மச்சானா" என்று திட்டினாய். அந்தத் திட்டு எனக்குக் கோயில் மணி. அதன் பிறகு நீ எமனாக ஆடிய ஒவ்வொரு மாசியிலும் பாக்கியம் முன் வரிசையில் உட்கார்ந்து, எமனைப் பார்த்து ஆனந்தமாக அழுத ஒரே பெண்ணானாள்.

டாக்டர் சொன்ன ஆபத்தும் பொய்யில்லை. போன வருஷம் கவ்வாத்து மலை ஓரத்தில் லாரியை நிறுத்தினேன். நீ படியில் உட்கார்ந்து ஆரம்பித்தாய். "லிந்துலையில ஒரு அட்ட, மச்சான். பஸ்ஸுல ஏறி டிக்கட்டு வாங்குச்சு. கண்டக்டர் எங்க போறேன்னு கேட்டான். அதுக்கு அட்ட சொல்லுது..." கையை நெற்றிக்குக் கொண்டுபோனாய். முகத்தில் சிரிப்பு இருந்தது. என் தோளில் சாய்ந்தாய். அட்டை என்ன சொன்னது என்று நீ சொல்லவேயில்லை.

இன்றைக்கு அந்த ஹட்டன் டாக்டரிடம், மாத்திரையைத் தொடுமுன், "ஐயா, இது சிரிப்பைத் தின்னுமா?" என்று கேட்டேன். சின்ன வயதுக்காரர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இது வேறு மருந்து, ஆனால் மனசு வாடினால் உடனே வாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் என் பெண்டாட்டியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். தினமும் மாத்திரை போட்டதும் நான் அவளிடம் ஒரு புளுகு விடுவேன். என்றைக்கு நான் புளுகாமல் உட்கார்ந்து, அவள் சொல்வதற்கு "அப்படியா" என்கிறேனோ, அன்றைக்கே சேலையை மாற்றிக்கொண்டு என்னை ஹட்டன் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். போத்தல் சாமித் தட்டில் இல்லை, மச்சான். ஜன்னலில், அவள் கண்ணுக்கு எதிரில் இருக்கிறது.

சற்று முன் முதல் மாத்திரையை விழுங்கினேன். இன்றைய புளுகுக்கு உன் அட்டையை எடுத்துக்கொண்டேன். கண்டக்டரிடம் அது சொன்னது, "எங்க மச்சானைத் தேடிப் போறேன், சில்லறையில்லை" என்று. பஸ் இன்னும் தலவாக்கலையைத் தாண்டவில்லை. "பொய்யப் பாரு" என்று என் பெண்டாட்டி அடுப்படியில் சிரிக்கிறாள்.